நீலத்தில் இரண்டு தையல்

நூலக்காவின் சொந்தப் பெயர் சம்பளம் போடுகிற முதலாளியம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு அவள் என்றைக்கும் நூலக்காதான். அந்தச் சலவைக்கூடத்தின் முன்பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட கடை, அதற்குப் பின்னால் நாள் முழுக்க உறுமும் துவைக்கும் மெஷின்கள், கோடியில் நீராவி இஸ்திரி மேசை. கடைக்கும் மெஷினுக்கும் நடுவில் கிடக்கும் நீள மேசை அவளுடைய ராஜ்யம். வந்து குவிகிற துணி எதுவானாலும் அவள் கைபடாமல் தண்ணீரைப் பார்க்க முடியாது. காலரின் உள்பக்கம், விளிம்பின் மடிப்பு என்று கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து, நிற நூலால் தையல் போட்டு அனுப்புவாள். துவைத்துக் காய்ந்து மலையாக வந்து விழும்போது எது யாருடையது என்று அந்தத் தையல்தான் காட்டிக்கொடுக்கும்.

விதி சின்னது. ஒரு வீட்டுக்கு ஒரு நிறம். அந்த வீட்டில் முதல் ஆளுக்கு ஒரு தையல், இரண்டாவது ஆளுக்கு இரண்டு, பிள்ளைகுட்டி இருந்தால் மூன்று, நான்கு. வாடிக்கையாளர்கள் ஏகப்பட்ட பேர் என்பதால் அவர்களுக்கெல்லாம் இரண்டு நூலை முறுக்கிய கலப்பு நிறம். தனி நிறம் என்பது கூடத்தில் வேலை செய்கிறவர்களின் ஏப்ரனுக்கும் சொந்தத் துணிக்கும் மட்டும். டெலிவரி டிரைவருக்குச் சிவப்பு, மெஷின்காரருக்குப் பச்சை. ரசீது போட்டு, வெளுத்த துணியை நிறம் பார்த்துப் பிரிக்கிற பெண்மணிக்கு ரோஜா நிறம். அவள் வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை என்பதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். நூலக்காவின் ஏப்ரனில் நீலம், ஒற்றைத் தையல். அவள் வீட்டு நிறம் நீலம், அந்த வீட்டில் ஆள் ஒன்று.

கல்யாணம் ஆகவில்லையா என்று கேட்பவர்களுக்கு "ஆகல" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது. அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். அம்மா படுத்த படுக்கையானாள். தம்பியைப் படிக்கவைக்க வேண்டியிருந்தது. எல்லாம் முடிந்து, தம்பிக்கும் ஒரு கல்யாணத்தைச் செய்துவைத்து நிமிர்ந்தபோது இவள் தலையில் நரை வந்துவிட்டது. பெண் கேட்டு வருகிறவர்களுக்கும் அந்த வீட்டு வழி மறந்துபோனது. இப்போது தம்பி வீட்டில் பின்பக்க அறை அவளுக்கு. நூல் கணக்கில் அந்த அறைதான் அவள் வீடு. தம்பி பொண்டாட்டி ஒன்றும் கெட்டவள் இல்லை. வாய் நிறைய அண்ணி என்பாள், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் எங்க நாத்தனாருக்கு நாங்கதான் எல்லாம் என்பாள். அதைக் கேட்கும்போது நூலக்காவுக்குச் சுருக்கென்று இருக்கும். யாராவது ஒருவருக்குத் தான் எல்லாமாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஐம்பது தாண்டியவளுக்கு இதென்ன ஆசை என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும், ஆசை வயதைக் கேட்டுவிட்டா வருகிறது?

அந்த ஒருவர் யார் என்பதிலும் அவளுக்குச் சந்தேகம் இருந்ததில்லை. நீராவி இஸ்திரிக்காரர். எந்நேரமும் வெள்ளைப் புகைக்குள் நிற்கிற மனிதர் என்பதால் ஊழியர்கள் அவரை ஆவியண்ணன் ஆக்கிவிட்டார்கள். அவரும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார். மனைவி இறந்து வெகுகாலம் ஆகிறது. ஒரே மகள், கல்யாணமாகி வேறு ஊரில். அவர் நிறம் பழுப்பு, அவருக்கும் ஒற்றைத் தையல்தான். அதிகம் பேசமாட்டார். ஆனால் நூலக்காவின் மேசைக்கு எதிரே ஜன்னல் வெயில் விழுகிற நேரம் தெரிந்து, தன் மேசைக்கு வேண்டியிருக்கிறது என்று சொல்லி ஒரு ஈரத் துணியை அந்த ஜன்னலில் காயப்போடுவார். அதனால் அவள் கண்ணில் வெயில் படாது.

எல்லோரும் அண்ணே என்று கூப்பிடுகிற மனிதரை நூலக்கா மட்டும் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் கதை முடிந்தது, பிறகு எந்த முகத்தோடு ஆசைப்படுவது? அதனால் "இந்தாங்க", "கேட்டீங்களா", "இங்க பாருங்க" என்று பெயரும் முறையும் இல்லாமலே வருடக்கணக்காக ஓட்டினாள். "ஏங்க" என்று ஆரம்பிக்க வாய் துடிக்கும். அது பெண்டாட்டிமார்களின் சொத்தாயிற்றே என்று மென்று விழுங்குவாள். அதைவிடப் பெரிய பயம், அவர் என்றாவது தங்கச்சி என்று வாயைத் திறந்துவிடுவாரோ என்பது. நல்லவேளையாக அவரும் அவளை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரேடியோவுக்கு இதெல்லாம் அரைகுறையாகத் தெரியும். எல்லாருக்கும் நூல் போடறாங்க, அக்காவுக்கு நூல் விட மட்டும் தெரியல என்று ஒருமுறை சொல்லிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

கிறிஸ்துமஸ் நெருங்கினால் அந்தக் கூடத்தில் மூச்சுவிட நேரம் இருக்காது. ஊரில் இருக்கிற மேசைவிரிப்பு, திரைச்சீலை, கோட்டு எல்லாம் அப்போதுதான் அழுக்கானதுபோல் வந்து குவியும். அந்த அமளியிலும் முதலாளியம்மா ஒரு வழக்கத்தை விடமாட்டார். பண்டிகைக்கு முந்தின கடைசி வேலை நாளில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கம்பி ஹேங்கர்களைக் கோத்துச் செய்த மரத்துக்கு அடியில் ஒரு பெரிய துணிக்கூடையை வைப்பார். எல்லோரும் எல்லோருக்கும் ஏதாவது கொடுக்க வேண்டும். ஒரு டீயின் விலையைத் தாண்டக் கூடாது. வண்ணக்காகிதம் சுற்றக் கூடாது, பேர் எழுதக் கூடாது. வாங்குகிறவர் நிறத்தில் ஒரு நூலைக் கட்டிப் போட்டால் போதும், ரேடியோ நிறம் பார்த்துப் பிரித்துக் கொடுத்துவிடுவாள். துணி பிரிக்கிற கைக்கு அதைவிட எளிய வேலை வேறென்ன?

டிரைவர் வருடா வருடம் ஆளுக்கொரு பேனா போடுவார், அது தை மாதத்துக்குள் எழுத மறுத்துவிடும். மெஷின்காரர் சோப்பு. நூலக்கா கொடுப்பது கைக்குட்டை. ஓட்டல்காரர்கள் கிழிந்துபோனதென்று விட்டுவிட்டுப் போன படுக்கைவிரிப்பில் நல்ல பாகமாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, மூலையில் அவரவர் நிறத்தில் தையல் போட்டுக் கொடுப்பாள். டிரைவர் அதில் முகம் துடைப்பார், ஸ்டியரிங்கும் துடைப்பார். மெஷின்காரர் தலையில் கட்டிக்கொள்வார். ரேடியோ சாப்பாட்டு டப்பாவைச் சுற்றுவாள். எல்லாம் ஒரு நாள் அழுக்காகி அவள் மேசை வழியாகவே மெஷினுக்குப் போகும். ஆவியண்ணனுடையது மட்டும் போனதே இல்லை. வாங்கும்போது விரித்துப் பார்ப்பார், நல்லா இருக்கு என்பார், மடித்துச் சட்டைப்பையில் வைப்பார், அத்தோடு சரி. அந்தக் கூடத்தில் அவரைவிட வியர்க்கிறவர் யார்? அவரோ சட்டைக் கையிலேயே நெற்றியைத் துடைத்துக்கொள்வார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தன் கைக்குட்டை அந்த நெற்றியில் படுவதைப் பார்த்துவிட மாட்டோமா என்று அவள் எத்தனையோ நாள் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்து விரலில் ஊசி குத்திக்கொண்டிருக்கிறாள்.

அவர் அவளுக்குக் கொடுப்பது ஊசி. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நீல நூல் கட்டிய ஒரு சின்ன ஊசிப் பொட்டலம். போன வருட ஊசியைவிட இந்த வருட ஊசிக்குக் காது கொஞ்சம் பெரிதாக இருக்கும். நூல் கோக்க அவள் ஊசியை வருடா வருடம் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கிறாள் என்பதைக் கோடியில் புகைக்குள் நிற்கிற ஒரு மனிதர் கவனித்திருக்கிறார். கண் மங்குகிறது என்று அவள் தம்பியிடம்கூடச் சொல்லவில்லை. இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு, அவர் மனதில் நான் இருக்கிறேனா என்று ஏங்கினாள் பாருங்கள், அந்த மண்டுவை என்ன சொல்வது! கடையில் அந்த ஊசிதான் இருந்திருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் வேறு.

அந்த வருடம் ஆவியண்ணனுக்கு நெஞ்சில் சளி கட்டி இருமல் விடாமல் பிடித்தது. நீராவி பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மகள் கூப்பிட்டாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின அந்தக் கடைசி நாளோடு அவர் வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போவதாக முதலாளியம்மா எல்லோரிடமும் சொன்னார். நூலக்கா அன்று ஒரு மாப்பிள்ளை கோட்டில் பக்கத்து வீட்டு நிறத்தைப் போட்டுவிட்டாள். அவள் வாழ்க்கையில் அப்படி நடந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தன் அறையில் உட்கார்ந்து கைக்குட்டைகளைத் தைத்தாள். சிவப்பு, பச்சை, ரோஜா எல்லாம் முடிந்தது. பழுப்பு நூலைக் கோத்தாள், மறுபடி உருவினாள். நீலத்தைக் கோத்தாள். அவருடைய கைக்குட்டையின் மூலையில் நீலத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தையல் போட்டாள். என் வீட்டு நிறம், அதில் இரண்டாவது ஆள். உலகத்தில் வேறு யார் பார்த்தாலும் அது வெறும் நூல். ஆயுசெல்லாம் அந்த விதிப்படி துணி அடுக்கிய மனிதருக்கு அது புரியாமல் போகாது. வாயால் கேட்க முடியாததை இப்படியாவது கேட்டுவிடுவோம், சரி என்றால் சரி, இல்லையென்றால் இல்லை என்று முடிவெடுத்தாள். காபி கொண்டுவந்த தம்பி பொண்டாட்டி, ஏன் அண்ணி முகம் இப்படிச் சிவந்திருக்கு, காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தாள்.

நீல நூலைக் கூடையில் போட்டால் ரேடியோ தன்னிடமே திருப்பித் தந்துவிடுவாள் என்கிற அளவுக்கு நூலக்காவுக்குப் புத்தி இருந்தது. கூடத்தின் சுவரில் ஆளுக்கொரு தட்டு உண்டு, ஏப்ரனும் சாப்பாட்டுப் பையும் வைக்க. கடைசி நாள் காலையில் முதல் ஆளாக வந்து, பழுப்பு நூல் கட்டிய தட்டில் கைக்குட்டையை வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் மேசையில் தையலில் குனிந்துகொண்டாள். அவர் இருமல் கேட்டபிறகுதான் நிமிர்ந்தாள். அவர் தட்டிலிருந்து ஏப்ரனை எடுத்தார், கட்டிக்கொண்டார், கோடிக்குப் போனார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. புரிந்துகொள்ள நேரம் வேண்டாமா என்று மனதைப் பிடித்துவைத்துக்கொண்டு மத்தியானம்வரை தைத்தாள்.

சாப்பாட்டுப் பையை எடுக்கத் தன் தட்டுக்குப் போனாள். அங்கே அந்தக் கைக்குட்டை இருந்தது. நான்காக மடித்து, விளிம்போடு விளிம்பு பொருந்த, நீலத் தையல் மேலே தெரியும்படி வைத்திருந்தது.

வேறென்ன நினைப்பாள்? அவர் பார்த்தார், புரிந்துகொண்டார், நோகாமல் திருப்பி வைத்துவிட்டார் என்றுதான் நினைத்தாள். உன் நிறம் உன்னோடு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அவமானம் பிடுங்கித் தின்றது. கூடை பிரித்தபோது யார் என்ன கொடுத்தார்கள் என்று ஒன்றும் மனதில் பதியவில்லை. நீல நூல் கட்டிய ஊசிப் பொட்டலம் ஒன்று கைக்கு வந்தது, அதையும் பார்க்காமல் பையில் போட்டாள். ஆவியண்ணன் தன் பங்குக்கு வந்த பேனாவையும் சோப்பையும் எடுத்துக்கொண்டார். பிறகு எதையோ தேடுவதுபோல் வெறும் கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

சாயங்காலம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கடைசியாக அவள் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். அவள் ஒரு திரைச்சீலையின் மடிப்பிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"வெறுங்கையா வந்தேன். வெறுங்கையாத்தான் போறேன் போலிருக்கு," என்றார்.

வேலையை விட்டுப் போகிறவர்கள் எல்லோரும் சொல்கிற பேச்சு என்று எடுத்துக்கொண்டு, "நல்லபடியா போயிட்டு வாங்க," என்றாள். அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். கண்ணாடிக் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டபிறகுதான் அவள் நிமிர்ந்தாள்.

அதற்குப் பிறகு அந்த ஜன்னல் வழியாக வெயில் நேராகக் கண்ணில் விழுந்தது. இஸ்திரி மேசைக்குப் புதிதாக ஒருவர் வந்தார். பழுப்பு காலியாத்தானே இருக்கு, அதையே குடுத்துடு என்று முதலாளியம்மா சொன்னார். பழுப்பு நூல் தீர்ந்துவிட்டது என்று வாய்கூசாமல் பொய் சொல்லி அவருக்கு மஞ்சளைக் கொடுத்தாள் நூலக்கா. கோபம் ஒரு பக்கம், இருந்தும் மனது அவரைத்தான் தேடியது. இருமல் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்ப்பாள், பார்த்தால் மெஷின்காரர்.

சில வாரம் போனபின் ஒரு மத்தியானம், இதை வைத்துக்கொண்டு இனி என்ன என்று அந்தக் கைக்குட்டையை எடுத்து நீலத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். ஒரு தையல் வந்துவிட்டது. இரண்டாவதில் ஊசியை நுழைக்கும்போது ரேடியோ பார்த்துவிட்டாள்.

"ஏன்க்கா பிரிக்கறீங்க, உங்க கலர்தானே? அன்னிக்குக் காலையில அது அண்ணனோட தட்டுல கெடந்துச்சு. அவரு வர்றதுக்குள்ள நான்தான் எடுத்து மடிச்சு உங்க தட்டுல வச்சேன்."

நூலக்கா அவளையே பார்த்தாள். பழுப்புத் தட்டில் நீலத்தைப் பார்த்தால் ரேடியோவின் கை சும்மா இருக்காது. யோசித்துச் செய்கிற வேலையா அது? இடம் மாறிக் கிடக்கிற துணியைக் கண்டால் எடுத்து உரியவரிடம் சேர்க்க வேண்டும் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே நூலக்காதான். தையல் ஒன்றா இரண்டா என்று எண்ணிப் பார்க்கவும் அவசியம் இல்லை, நீலம் என்றால் அக்கா, அவ்வளவுதான். அப்படியானால் அவர் அதைப் பார்க்கவே இல்லை. வெறும் கூடைக்குள் எட்டிப் பார்த்தாரே, அது தன் கைக்குட்டையைத் தேடித்தான். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, போகிற நாளில் தனக்கு மட்டும் இல்லையே என்றுதான் மேசை முன்னால் வந்து நின்றிருக்கிறார். அவளோ தலையைக்கூடத் தூக்கவில்லை. ஐயோ, நான் ஒரு பைத்தியக்காரி என்று தலையில் அடித்துக்கொண்டாள். ரேடியோவுக்குத் திக்கென்றது. அவள் பேச்சு நின்றது அன்றைக்கு ஒரு நாள்தான்.

பிரித்த தையலை அப்போதே மறுபடி போட்டாள். பையில் பிரிக்காமல் கிடந்த பொட்டலத்திலிருந்து புது ஊசியை எடுத்தாள். அதன் காது அவ்வளவு பெரிது, கண்ணீர் மறைத்தும் முதல் தடவையிலேயே நூல் நுழைந்தது. டிரைவரிடம் நம்பர் கேட்டு வாங்கி, கடைப் போனில் அவளே கூப்பிட்டாள். ரேடியோ ரசீதுக் கட்டைத் தலைகீழாக வைத்துக்கொண்டு வேலை செய்வதுபோல் பாவனை செய்தாள்.

மகள்தான் எடுத்தாள். "அப்பாவா? மாடியில துணி காயப்போட்டுட்டு இருக்காரு, இருங்க கூப்பிடறேன். மெஷின் இருக்குப்பான்னாலும் கேக்க மாட்டாரு. நாலஞ்சு கைக்குட்டை வச்சிருக்காரு, முகம் தொடைக்க அதுதான் வேணும். அத மட்டும் யாரையும் தொட விடமாட்டாரு. மெஷின்ல போட்டா நூல் சாயம் போயிடுமாம், கையாலதான் தொவைப்பாரு. அங்க தனியா இருந்தப்பவும் இதே கூத்துதான். நீங்க யாரு பேசறது?"

சலவைக் கடையிலிருந்து என்று மட்டும் சொன்னாள். அந்தப் பக்கம் படியிறங்குகிற சத்தமும் இருமலும் கேட்டது. யாருங்க என்று அவர் குரல் வந்தது.

"ஏங்க," என்றாள். "நான்தான்."

இருமல் நின்றது. விட்டால் தைரியம் போய்விடும் என்று அவள் படபடவென்று சொல்லி முடித்தாள். "அன்னிக்கு உங்களுக்கும் ஒண்ணு வச்சேங்க. கூடையில போடாம உங்க தட்டுல வச்சேன். அது எடம் மாறி எங்கிட்டயே திரும்பி வந்துடுச்சு. இன்னிக்குத்தான் எனக்கே தெரியும்."

"மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்." அவர் குரல் லேசானது. "பரவால்ல. என்னோட பழுப்புதானே? டிரைவர் இந்தப் பக்கம் வந்தா குடுத்தனுப்புங்க."

"பழுப்பு இல்லைங்க." நூலக்கா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நீலம். ரெண்டு தையல்."

அவர் மறுபடி பேசியபோது, இத்தனை வருடமாக ஒட்டிக்கொண்டிருந்த மரியாதை கழன்று விழுந்திருந்தது.

"குடுத்தனுப்ப வேணாம். நீயே வச்சிரு. நான் வந்து வாங்கிக்கறேன்."

அவர் இன்னும் வரவில்லை. குளிர் போகட்டும் என்றாள் மகள். குளிர் போனதும் நெஞ்சு மறுபடி கட்டிக்கொண்டது, மழை முடியட்டும் என்றாள். அந்தக் கைக்குட்டையை நூலக்கா வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. வாடிக்கையாளர்கள் வாங்க வராத துணிகளுக்கென்று கடையில் ஒரு அலமாரி இருக்கிறது, அதில் சீட்டு கட்டி வைத்திருக்கிறாள். வாங்கிக்கொள்ள ஆள் வருவதாகச் சொன்ன துணி அங்கேதானே இருக்க வேண்டும்? ஆனால் துவைத்த தேதியிலிருந்து ஒரு வருடம் ஆகியும் ஆள் வராத துணியைத் தானமாகக் கொடுத்துவிடுவது முதலாளியம்மாவின் சட்டம். சீட்டுத் தேதி பார்த்து எடுப்பவள் ரேடியோ. அவள் கை எப்படிப்பட்டது என்றுதான் தெரியுமே. அதனால் நூலக்கா அவ்வப்போது அதை எடுத்து, குழாயடியில் கையாலேயே துவைத்து, காயவைத்து, புதுத் தேதி போட்டு மறுபடி வைத்துவிடுகிறாள்.

மறு கிறிஸ்துமஸுக்கு ஹேங்கர் மரம் கட்டுகிற நேரத்தில் கடைப் போன் அடித்தது. ரேடியோ எடுத்து நூலக்காவிடம் நீட்டினாள். அந்தப் பக்கம் ஒரு இருமல். பிறகு, எப்போது கூப்பிட்டாலும் முதலில் கேட்கிற அதே கேள்வி.

"இருக்கா?"

"இருக்குங்க. நேத்துதான் தொவைச்சு வச்சேன்."